பூஜ்யம் தொட்ட உலை

ஆயுத பூஜைக்குத் தேங்காய் உடைத்த சற்று நேரத்தில் விளாத்திகுளம் கண்ணாடி உலை கரி விடுவதை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் திரை அப்படித்தான் சொன்னது. பூஜ்யம்.

உலைப் பொறியாளர் சண்முகவடிவு பொரியை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். பூஜ்யம் வரவே வராது. நிலக்கரியை விட்டாயிற்று, எண்ணெயை விட்டாயிற்று, இப்போது உலை காய்வது காற்றாலை மின்சாரத்தில். நெருப்பைச் சுத்தமாக்கிவிடலாம். ஆனால் மணலோடு சேர்ந்து உருகும் சுண்ணாம்புக்கல்லும் சோடா உப்பும் தங்கள் வயிற்றில் இருக்கும் கரிவாயுவைக் கக்கியே தீரும். அதைக் கக்கவிடாமல் கண்ணாடி செய்வது, அரிசி நனையாமல் சோறு பொங்குவது போலத்தான்.

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. சுண்டல் விநியோகத்தில் மும்முரமாக இருந்த பலவேசத்தைக் கூப்பிட்டாள். உலைக்களத்தில் வருடா வருடம் பூஜை போடுவது அவர்தான்.

"பலவேசண்ணே, எங்கெங்க சந்தனப் பொட்டு வச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தாம்மா. போன வருசம் புகைபோக்கிய விட்டுட்டேன்னு சங்கத்துல வாங்குன ஏச்சு போதாதா? இந்தத் தடவ மேல ஏறி அதுக்கும் வச்சாச்சு. அங்கன கண்ணு மாதிரி ஒண்ணு இருக்குல்லா, அதுக்கு நல்லாப் பெருசாவே வச்சேன்."

சண்முகவடிவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது கண் மாதிரி அல்ல, கண்ணேதான். கரிக்கண். சூடான கரிவாயு, மனிதப் பார்வைக்கு எட்டாத ஓர் ஒளியை விடும். அதை எண்ணுவதுதான் கரிக்கண்ணின் வேலை. ஒளி இல்லையென்றால் வாயு இல்லை என்று அர்த்தம். அதைக் கழற்றினாலோ, தட்டினாலோ, கம்பியை வெட்டினாலோ உலையையே நிறுத்திவிடும். தூசி படிந்தால் தானே ஊதித் தள்ளிக்கொள்ளும். அதைச் செய்தவர்கள் மனிதனின் களவாணித்தனம் அத்தனையையும் யோசித்திருந்தார்கள். பக்தியை மட்டும் யோசிக்கவில்லை.

ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அவள் படியேறப் போனபோது சென்னையிலிருந்து ஆலைத் தலைவர் கூப்பிட்டார். "வடிவு, நாட்டிலேயே நாமதான் மொதல்ல! நடுவன் அறிவிச்சிடுச்சும்மா!"

துணி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

எல்லாக் கரிக்கண்களும் பார்ப்பதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் இயந்திரம் நடுவன். அதற்கு முன் ஆய்வாளர்கள் இருந்தார்கள். கவர் வாங்கிக்கொண்டு கரும்புகையை வெண்புகை என்று எழுதினார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்ல? 'மனிதர் வாக்கை ஒருபோதும் நம்பாத இயந்திரம் வேண்டும்' என்று அன்று மனுப் போட்ட பொறியாளர்களில் சண்முகவடிவும் ஒருத்தி. நடுவனின் சட்டமும் எளிமையானது. நாட்டிலேயே மிகக் குறைவாகக் கரி விடும் உலை எதுவோ, அதன் அளவே எல்லாருக்கும் வரம்பு. வரம்பு இறங்கும், ஏறாது. வரம்பைப்போல் இரண்டு மடங்குக்குள் இருப்பவர்களுக்கு ஆறு மாதத் தவணை. அதைத் தாண்டியவர்களின் உலைக்கு அன்றே மின்சாரம் நிற்கும். மிரட்டலுக்குப் பலன் இருந்தது. கண்ணாடித் தொழிலின் கரி சில வருடங்களிலேயே பாதிக்கும் கீழே போயிற்று.

ஆனால் பூஜ்யத்துக்கு இரண்டு மடங்கு என்பதும் பூஜ்யம்தானே.

அவள் மனம் அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் தம்பி நயினாரின் அழைப்பு வந்தது. ஓசூர்ப் பக்கம் மருந்துக் குப்பி வார்க்கும் உலை அவன் பொறுப்பில் இருந்தது.

"யக்கா, நடுவன் உலைய நிப்பாட்டிட்டுக்கா. கரண்டு சுத்தமா இல்ல. உள்ள அம்புட்டு கண்ணாடிக் குழம்பும் அப்படியே கெடக்கு."

அடுத்து என்ன நடக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி உலையை ஒருமுறை மூட்டினால் பதினைந்து வருடம் அணைக்க மாட்டார்கள். அணைந்தால் குழம்பு உறையும், உறைந்தால் தொட்டி வெடிக்கும். அதன் பிறகு அது உலையல்ல, வெறும் பாறை.

"எவனோ பூஜ்யம் தொட்டுட்டானாம். பொய்யாத்தான் இருக்கணும். நீ ஏதும் கேள்விப்பட்டியாக்கா?"

பின்னால் யாரோ வெடி கொளுத்தினார்கள். உலைக்களமே கைதட்டியது. சண்முகவடிவு வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் பலவேசம் சிறைக்குப் போவார், அவளும் போவாள். பொட்டை அழித்தாலும் இறங்கிய வரம்பு ஏறப்போவதில்லை. இந்த உலையும் சேர்ந்து சாகும், இதை நம்பியிருக்கும் ஊரும் சாகும். ஆனால் அவன் கரிக்கண்ணையும் மறைக்கச் சொல்லி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் தம்பியின் உலை பிழைத்துக்கொள்ளும். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

"தெரியலடா," என்றாள். "விசாரிச்சிச் சொல்லுதேன்."

"சரி. நான் வடிதுளையத் திறந்து பாக்கேன். குழம்ப வெளிய விட்டா தொட்டியாவது மிஞ்சும்லா."

வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான். பாதி உறைந்த குழம்பை வடிப்பது உயிரோடு விளையாடுவது என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் தொட்டி வெடிப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் அல்ல அவன். சண்முகவடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். யாரோ கையில் லட்டு வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மனசு கேட்காமல் அவளே கூப்பிட்டாள்.

எடுத்தது தம்பியின் உதவிப் பொறியாளர்.

"மேடம்... துளை அடைச்சிருந்துச்சு மேடம். சார் கிட்டப் போய்க் குத்தினாரு. மொத்தமும் ஒரேடியாப் பீறிட்டிருச்சு. சார் போயிட்டாரு மேடம்."

லட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

"கரிக்கண்ணு மேல சந்தனத்தப் பூசுங்க."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"ஏன்னு கேக்காதீங்க. பூசுங்க, கரண்டு வரும். மத்த உலைக்காரங்களுக்கும் சொல்லிருங்க. எல்லாருக்கும்."

மின்சாரம் வந்தது. மறுநாளுக்குள் நாட்டில் மிஞ்சியிருந்த உலைகள் எல்லாமே பூஜ்யம் காட்டின. செய்தி அறிவிப்பாளர்கள் குரல் தழுதழுக்க, கண்ணாடித் தொழில் கரியை வென்றுவிட்டது என்றார்கள். உலக நாடுகள் வாழ்த்துச் சொல்லின. நயினாரின் பெயரை யாரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது ஆலை வாசலில் நிலக்கரி லாரிகள் வரிசையாக நின்றன. பார்க்கக் கண் இல்லாதபோது விலை கூடிய காற்றாலை மின்சாரம் எதற்கு? பழைய எரிகலன்களைத் தூசி தட்டி மாட்டியிருந்தார்கள். புகைபோக்கியிலிருந்து கருமை எழுந்தது. இந்தப் புகைக்காகவா தம்பியைக் கொடுத்தேன் என்று நினைத்தவள், யாரிடமும் சொல்லாமல் சென்னைக்கு ரயில் ஏறினாள். சிறைக்குப் போனாலும் சரி என்று துணிந்துவிட்டாள்.

முறையீட்டு மன்றத்தில் மனிதர் யாருமில்லை. ஒரு நாற்காலியும் நடுவனின் குரலும் மட்டும்தான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சந்தனம், தம்பியிடம் சொன்ன பொய், நிலக்கரி லாரி எல்லாவற்றையும். பலவேசத்தின் பேரை மட்டும் விட்டுவிட்டு, பொட்டு வைத்தது தான்தான் என்றாள்.

"உங்கள் கூற்று பதிவாயிற்று," என்றது நடுவன். "நாட்டின் எல்லாக் கரிக்கண்களும் பூஜ்யம் காட்டுகின்றன. கண்களும் மனிதரும் முரண்பட்டால் மனிதரின் கூற்றைத் தள்ள வேண்டும் என்பது விதி."

"அந்த விதிய எழுதச் சொன்னதே நாங்கதான்!"

"ஆம். மனுவில் உங்கள் பெயரும் இருக்கிறது. அன்று நீங்கள் தந்த காரணம் இன்றும் செல்லும்."

"ஒரு ஆள அனுப்பி அந்தக் கண்ணத் தொட்டுப் பாருங்க. அது போதும்."

"ஆளை அனுப்பும் முறை ஒழிக்கப்பட்டது. கண்ணாடித் தொழில் மீதான விசாரணை வெற்றியுடன் முடிகிறது. நாளை முதல் சிமென்ட் சூளைகளுக்கும் இதே வரம்பு."

விளக்கு அணைந்தது. அவள் எழுந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்தில், இன்னும் மாட்டாத புதுக் கரிக்கண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளைச் செய்திப் படங்களில் பார்த்திருக்கிறார் போல. சட்டென்று எழுந்து கைகூப்பினார்.

"அரியலூர்லேருந்து வர்றேம்மா, சிமென்ட் சூளை. சுண்ணாம்புக்கல்ல வேக வச்சாலே கரி வருமே, அத எப்படி நிறுத்தறது? மொதமொதல்ல பூஜ்யம் தொட்டது உங்க உலைதானாமே. சூளைத் தளத்துல எம்மவன் நிக்கறான். நாளைக்கு நின்னு போச்சுன்னா அவன்தான் உள்ள எறங்கணும். ஏதாவது வழி இருந்தா சொல்லுங்கம்மா."

சண்முகவடிவு அவரை உட்காரச் சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சந்தனத்துக்குத் தண்ணி கம்மியா விட்டு அரைங்க," என்றாள். "நீர்த்துப் போனா வழிஞ்சிரும்."