கஸ்பாரின் கடல்

செவ்வாய்க் கோளில், செம்மேடு குடியிருப்பில், யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. எதிரே ஆளைக் கண்டால் "காத்து இருக்கா?" என்பார்கள். கேட்கப்பட்டவர் இடது மணிக்கட்டில் பதித்திருக்கும் காற்றளவியை ஒரு தரம் பார்த்துவிட்டு "இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு. மாமியார் மருமகள் சண்டைகூட இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பமாகும். அளவி குறைவு காட்டினால் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு நிரப்பு நிலையத்துக்கு ஓடலாம். ஓடுகிறவரைத் தடுக்கக் கூடாது என்பது சட்டம்.

இந்தச் சட்டம் செம்மேட்டுக்காரர்களை மூச்சுத் திணறலிலிருந்து காப்பாற்றியதோ இல்லையோ, கஸ்பாரிடமிருந்து நன்றாகவே காப்பாற்றியது.

கஸ்பார் பூமியில் மணப்பாட்டில் பிறந்தவர். செவ்வாய்க்கு வண்டியோட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இளவட்ட வயதில் கப்பலேறினார். முப்பது வருடமாகச் செம்மண் மேடுகளுக்கு நடுவே ஊர்தி ஓட்டிப் பனிக்கட்டி ஏற்றி வந்தார். ஓட்டியது மண்ணில், பேசியது முழுக்கக் கடலைப் பற்றி. உணவுக்கூடத்தில் தட்டோடு வந்து உட்கார்ந்து, "எங்க மணப்பாட்டுக் கடல் இருக்கே..." என்று ஆரம்பித்தால் போதும், சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காற்றுக் குறைந்துவிடும். "அடடா" என்று மணிக்கட்டைப் பார்த்தபடி எழுந்து போய்விடுவார்கள்.

ஓட முடியாதவள் அவர் மனைவி இளவேனில் ஒருத்திதான். செம்மேட்டிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே, சாப்பாட்டுக்குப் பாசி வளர்க்கும் தோட்டத்தில் வேலை பார்த்தவள். ஒரு தம்ளர் தண்ணீரை மூன்று தரம் சுத்தம் செய்து குடிக்கிற ஊர் அது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அதுவும் வாயில் வைக்க முடியாத தண்ணீர், அது எதற்கு என்றே அவளுக்கு விளங்கவில்லை.

"இங்க வாரதெல்லாம் ஒரு காத்தா வேனி? ரப்பர் வாடை. டயர் கடைக்குள்ள படுத்துக் கெடந்த மாதிரி. எங்க ஊர்க் கடக்காத்து ஒரு தடவ மூஞ்சில பட்டாப் போதும்."

"பட்டா என்ன ஆகும்?"

"அது பட்டாத்தான் தெரியும்."

இந்த வாதத்துக்கு மட்டும் அவளால் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஆகவே, பணி ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஆயுளில் ஒரு முறை கிடைக்கும் புவி விடுப்பு வந்தபோது, இருவரும் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டார்கள். மணப்பாட்டுக் கடற்கரை விடுதியில் விடுமுறையைக் கழிப்பது. அது முடிகிற நாளில், அங்கேயே இருந்துவிடுவதா, செம்மேட்டுக்குத் திரும்புவதா என்று இளவேனில் சொல்வது. அவள் சொல்வதே முடிவு. விடுப்பு முடிந்த பிறகு, அந்த வயதில் இன்னொரு தரம் கப்பலேற மருத்துவர்கள் விடமாட்டார்கள். இருந்தால் இருந்ததுதான், திரும்பினால் திரும்பியதுதான். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் சாகும்வரை கடலைக் கண்ணால் பார்க்க முடியாதே என்று நினைத்து, ஏழு மாதப் பயணத்தில் கஸ்பார் சரியாகத் தூங்கவில்லை.

மணப்பாட்டுக் கடற்கரையில் இப்போது விருந்தினர்கள் பாதிப் பேர் செவ்வாய்க்காரர்கள். ஓலைக் குடைகளுக்குக் கீழே எடைச்சட்டையோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். செவ்வாயிலிருந்து வருகிறவர்களுக்குப் பூமியில் உடம்பு இரண்டரை மடங்கு கனக்கும். அந்தக் கனத்தைத் தாங்க, விசைச்சட்டம் வைத்துத் தைத்த சட்டை அது. அதைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றால் முழங்கால் மடங்கிவிடும்.

கடலைப் பார்த்ததும் கஸ்பார் அழுதார். சும்மா கண் கலங்கவில்லை, விக்கி விக்கி அழுதார். பிறகு துடைத்துக்கொண்டு ஊரைப் பார்க்கப் போனார். மணற்குன்றின் மேல் கோவில் இருந்தது. அவர் பிறந்து வளர்ந்த தெருவைக் காணவில்லை. எதிரே வந்தவரிடம் விசாரித்ததற்கு, அவர் கடலுக்குள் ஓரிடத்தைக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் நாளும் கடலைப் பார்த்தார். மூன்றாம் நாள் உப்புக் காற்றில் தோல் அரித்தது. முப்பது வருடம் கனவில் மட்டும் சாப்பிட்ட சீலா மீன் குழம்பை நனவில் சாப்பிட்டதில் வயிறு பேச்சுக் கேட்கவில்லை. விடுதிக்குப் பக்கத்திலேயே செவ்வாய் மெஸ் என்று ஒன்று இருந்தது. வந்த அன்றே அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்து, "இம்புட்டுத் தூரம் வந்தும் பாசிப் புட்டுக் கேக்கான் பாரு! இவனெல்லாம் எதுக்கு ஊர் சுத்த வாரான்?" என்று எகத்தாளம் பேசியவர் கஸ்பார். நான்காம் நாள் மதியம் அந்த மெஸ்ஸின் பின்வாசல் வழியாக நுழைந்து, ஓரமாக உட்கார்ந்து, இரண்டு தட்டுப் பாசிப் புட்டுச் சாப்பிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. உதட்டோரத்தில் ஒட்டியிருந்த பச்சையைத் துடைத்து மட்டும் விட்டாள்.

இளவேனில் காலையில் கடலுக்குப் போவாள், வெயில் ஏறியதும் வருவாள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால், "இன்னும் நாள் இருக்குல்ல" என்பாள். அவர் மிச்ச நாட்களை விரல்விட்டு எண்ணுவார்.

கடைசி நாளும் வந்தது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். கஸ்பார் ஒரு கணக்குப் போட்டார். கடலோரமாக ஈரமணலில் மணல்வண்டியில் ஓர் உலா கூட்டிப்போனால் மனம் இளகிவிடும், அந்த நேரம் பார்த்துக் கேட்டுவிடலாம். விடுதி வாசலிலேயே வண்டிகள் நின்றன. பெரிய உருளைச் சக்கரம், மேலே திறந்த கம்பிக் கூண்டு. ஓட்டுகிறவள் பிலோமி, அந்த ஊர்க்காரி, முப்பது வயதுக்காரி, வாய்த் துடுக்கு.

"கடலோரமாப் போகணும்மா. கோவில் குன்றச் சுத்தி," என்றார் கஸ்பார்.

"கடலோரமா?" பிலோமி அவர் சட்டையைப் பார்த்தாள். "அண்ணாச்சி செவ்வாயிலிருந்துதான வாரீங்க? செவ்வாய்க்காரங்க எல்லாரும் தேரிக்குத்தான் கேப்பாங்க. செக்கச்செவேர்னு மேடு மேடா மணலு. ஒருநாளைக்கு ஆறு நடை போவும்."

"செம்மண்ணப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? எனக்குக் கடல் போதும்."

"தேரிக்கே போகலாம்," என்றாள் இளவேனில், பின் இருக்கையில் ஏறிக்கொண்டே. "கடலத்தான் தெனமும் பாக்குறேனே."

கஸ்பாருக்கு முகம் செத்துவிட்டது. அவளுக்குக் கடல் சலித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

வண்டி கடலை முதுகில் விட்டு மேற்கே போனது. பனைகள் வந்தன. முந்திரி மரங்களுக்கு அடியில் மண் மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு ஒரு திருப்பத்தில் மரங்கள் ஒதுங்கின. எதிரே தேரி கிடந்தது. மேட்டுக்குப் பின்னால் மேடு, எல்லாம் ஒரே சிவப்பு.

கஸ்பார் பிலோமி பக்கம் திரும்பினார். "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டார்.

பிலோமி இடம் மாறி உட்கார்ந்தாள். கஸ்பார் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிடித்ததும் முதுகு நிமிர்ந்தது. எடைச்சட்டையோடு நாற்காலியிலிருந்து எழவே முனகுகிற மனிதர், வண்டியை மேட்டின் சரிவில் பக்கவாட்டாகச் சாய்த்து, மணல் சரியுமுன் அடுத்த சரிவுக்கு ஏற்றினார். ஆனால் முன்னால் போன வண்டிகளின் தடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட விலகவில்லை.

"தடம் எதுக்கு அண்ணாச்சி? தேரிக்காடு பூரா நம்மளுதுதான். இஷ்டத்துக்கு விடுங்க. அதுக்குத்தான் இந்த வண்டியே."

"தடம் மாறக்கூடாதும்மா. தடத்துக்கு அந்தப் பக்கம் குழி இருந்தா?"

"என்ன குழி? முயல் வளைதான் இருக்கும்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. செவ்வாயில் முன்னே போனவன் உயிரோடு திரும்பி வந்தான் என்பதற்குத் தடம்தான் சாட்சி. அதன்மேல் சக்கரத்தை வைத்துப் போவது அவனுக்குச் செய்கிற மரியாதையும்கூட. மறைவான பள்ளத்தாக்குகளில் ஒரு தடம் வருடக்கணக்கில் அழியாமல் கிடக்கும். கிழக்கு முகட்டில் கஸ்பாரும் இளவேனிலும் கல்யாணமான புதிதில் போன தடம் நெடுங்காலம் இருந்தது. அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரர்கள் "இது கஸ்பார் மாப்பிள்ளை தடம்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். இப்போதுதான் ஏறிவந்த தடத்தைத் தேரிக் காற்று மூடிக்கொண்டிருந்தது.

உச்சி வந்தது. இயந்திரத்தை அணைத்தார். நாலு பக்கமும் செம்மண்ணைத் தவிர வேறில்லை. அவர் கை தன்னாலே போய்க் கூண்டுக் கம்பியை இரண்டு தரம் தட்டியது. முன்பலகையை நோக்கிக் குனிந்து, செவ்வாயில் குடியிருப்புக்குத் தகவல் சொல்கிற அதே தெளிவான குரலில் சொன்னார்:

"செம்மேடு, ஆறாம் வண்டி, கஸ்பார். மேடு ஏறியாச்சு. காத்து இருக்கு."

முன்பலகையில் ஒலிவாங்கி இல்லை. அது விடுமுறைக்காரர்கள் சுற்றுகிற மணல்வண்டி. பதில் வரவில்லை என்பதை அவர் உணரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உணர்ந்ததும் அழுதார். கடலைப் பார்த்து அழுததைவிட இந்த அழுகை சத்தமில்லாதது, ஆனால் நிற்கவில்லை.

பிலோமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கூச்சப்படாதீங்க அண்ணாச்சி," என்றாள். "மேல செவ்வாயில வண்டியோட்டுன எல்லாரும் இந்த எடத்துல வந்து இதையேதான் சொல்லுதாங்க."

பின் இருக்கையிலிருந்து இளவேனில் மெதுவாகச் சொன்னாள், "இருக்கு, வாங்க." செம்மேட்டிலிருந்து வழக்கமாக வருகிற மறுமொழி அது.

கஸ்பாருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. தன் ஊர் எது என்று விளங்கியது. உணவுக்கூடமும், மணிக்கட்டைப் பார்த்து எழுந்து ஓடுகிற அந்தப் பாவிகளும், ஆறாம் வண்டியின் கிழிந்த இருக்கையும் அப்படியே கண்முன் வந்தன. நல்லவேளை, கப்பல் இன்னும் போகவில்லை. "வேனி, திரும்பிடலாம்" என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும்ங்க. மொத நாள் தண்ணிக்குள்ள இறங்கி இந்தச் சட்டையக் கழட்டுனேன். பயந்துட்டுத்தான் கழட்டுனேன். மிதக்க ஆரம்பிச்சதும் கனமே தெரியல. கையக் காலத் தூக்குனா நம்ம செம்மேட்டுல நடக்குற மாதிரியே லேசா இருக்கு. முப்பது வருஷமா கடலு, கடலுன்னீங்களே, இத ஒரு நாளாவது சொன்னீங்களா? கடல்ல இறங்குனா நம்ம ஊருக்குப் போன மாதிரியே இருக்கும்னு சொல்லியிருந்தா, நான் எப்பவோ கெளம்பி வந்திருப்பேனே!"

அவள் முகத்தைப் பார்த்தார். செம்மேட்டில் காற்றளவியைப் பார்த்துப் பார்த்தே நெற்றியில் விழுந்திருந்த மடிப்பைக் காணவில்லை.

"காலையில இருந்து மணிக்கட்டப் பாக்கவே இல்லீங்க நான். மறந்தே போச்சு. உங்களுக்காகத்தான் வந்தேன். ஆனா எனக்காகச் சொல்றேன். இங்கயே இருந்துடலாம்."

முப்பது வருடம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டது. கேட்டவர் கையில் கொண்டுவந்து வைக்கிறாள். இப்போது வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? அதைவிட, அந்த மடிப்பு மறுபடி விழுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "சரி வேனி," என்றார். "நான் சொன்னேன்ல, பட்டாத்தான் தெரியும்னு."

கப்பல் அவர்கள் இல்லாமல் போயிற்று.

இப்போது பிலோமியின் வண்டிகளில் ஒன்றைக் கஸ்பார்தான் ஓட்டுகிறார். தேரி நடை மட்டும். கடலோர நடை வேறு ஆளுக்கு. செவ்வாய் விருந்தினர்கள் அவரைக் கேட்டு வாங்கி ஏறுகிறார்கள். உச்சியில் இயந்திரத்தை அணைத்துவிட்டு, அவர்கள் முன்பலகையைப் பார்த்துக் குனிந்து பேசும்போது, பின்னால் நின்று "இருக்கு, வாங்க" என்று பதில் சொல்கிறவர் அவர்தான்.

மாலையில் கடற்கரைத் தேநீர்க் கடைக்கு வருவார். கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து உட்காருவார். சில மாதங்களில் பனைகளுக்கு மேலே செவ்வாய் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். வலை உலர்த்திவிட்டுத் தேநீர் குடிக்க வந்தவர்களைப் பார்த்து, "எங்க செம்மேட்டு மண்ணு இருக்கே..." என்று ஆரம்பிப்பார்.

"அண்ணாச்சி, அலை ஏறுது, வள்ளத்த மேல ஏத்தணும்," என்று ஆளுக்கொரு பக்கம் எழுந்துவிடுவார்கள். அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தாலும் அலை ஏறத்தான் செய்யும்.

அந்த நேரத்தில் இளவேனில் தண்ணீரிலிருந்து கரையேறி, எடைச்சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைத் துவட்டியபடி வருவாள். கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்து இருவர் முகத்திலும் படும்.

"காத்து இருக்கா?" என்பாள், பழைய பழக்கத்தில்.

கஸ்பார் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார்.

"இருக்கு, இருக்கு. இதெல்லாம் ஒரு காத்தா வேனி? நம்ம ஊர்க் காத்துல லேசா ஒரு ரப்பர் வாசம் வருமே... அது வருமா இதுல?"