உள்ளே இருக்கும் அட்மின்

கல்லறைத் திருநாள் அன்று றால் கம்பெனியில் ஈ காக்கை இருக்காது. றால் உரிக்கும் பெண்களும் பெட்டி தூக்கும் ஆண்களும் முக்கால்வாசிப் பேர் கடற்கரை ஊர்களின் வேதக்காரர்கள். பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு அவரவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். மேனேஜர் ரங்கராஜ் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆழ்வார்திருநகரியிலிருந்து காரை எடுத்தார். தூத்துக்குடியைத் தாண்டித் தருவைகுளம் சாலையில் திரும்பியபோது வானம் கருத்துக் கிடந்தது. ஐப்பசி மழையில் உப்பளப் பாத்திகள் எல்லாம் ஒன்றாகிக் கடல் மாதிரித் தேங்கியிருந்தன. அதன் நடுவே கம்பெனிக் கட்டடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காவலாளி பாண்டித்துரை கேட்டைத் திறந்துவிட்டான்.

“என்ன சார், லீவு நாள்ல வந்திருக்கிய?”

“கொஞ்சம் கம்ப்யூட்டர் வேலை. நீ வீட்டுக்குப் போ. நான் பூட்டிக்கிடுதேன்.”

“நீங்க ஒத்தையில...”

“போன்னு சொல்லுதேன்லா.”

பாண்டித்துரை தயங்கித் தயங்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ரங்கராஜ் கேட்டை உள்பக்கமாகத் தாழிட்டார். யார் கண்ணும் இல்லாமல் முடிக்க வேண்டிய வேலை அது.

வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. உப்பளத்துக்கு நடுவே கேபிள் லைன் வராததால் கம்பெனியில் சிம் போட்ட ரவுட்டர் ஒன்று ஓடியது. அதன் அட்மின் பக்கத்துக்குள் போக வேண்டும். தடுக்கப்பட்ட போன்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இருக்கும் ஒரே ஒரு பெயரை அழிக்க வேண்டும். நாளைக் காலை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். அவர் கண்ணில் அந்தப் பெயர் பட்டால் ரங்கராஜ் உள்ளே போக வேண்டியதுதான்.

பெயர், பிலோமி.

ஆவணி மாதம் செத்துப்போனவள். குளிர் அறையில் பெட்டி எடுக்கப் போனவளின் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் குமிழ் உடைந்து கிடந்தது. மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள். விபத்து என்று எழுதினார்கள். அந்தக் கனத்த சுவருக்குள் டவர் எடுக்காது, அதனால்தான் அவளால் யாரையும் கூப்பிட முடியவில்லை என்று ரங்கராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். அழுதுகொண்டிருந்த அவள் புருஷனும் நம்பினான்.

டவர் எடுக்காது என்பது உண்மை. வைஃபை எடுக்கும் என்பதைத்தான் மனிதர் விழுங்கிவிட்டார். குளிரின் அளவைக் காட்டும் கருவிக்காக அறைக்குள்ளேயே ஒரு வைஃபை பெட்டி இருந்தது. வேலையாட்கள் அதில்தான் வாட்ஸ்அப் பேசுவார்கள். செத்துப்போன அன்றைக்குக் காலையில் பிலோமி உடைந்த குமிழைப் போட்டோ பிடித்து, “இதை எப்போ சரி பண்ணுவீங்க?” என்று கம்பெனி குரூப்பில் போட்டாள். முதலாளியும் அந்த குரூப்பில் இருந்தார். ரங்கராஜுக்குச் சுருக்கென்றது. குமிழை மாற்ற நேரமில்லாதவருக்கு அட்மின் பக்கத்தைத் திறந்து அவள் போனைத் தடுக்க மட்டும் நேரமிருந்தது.

மதியம் அவள் அவருடைய அறை வாசலில் வந்து நின்றாள். “சார், எனக்கு மட்டும் லைன் கிடைக்க மாட்டேங்கு. ஒருக்கா பாருங்களேன்.”

“நாளைக்குப் பாக்கலாம்” என்றார் ரங்கராஜ். உதட்டுக்குள் சிரிப்பு.

அவளுக்கு நாளை வரவில்லை.

இப்போது அதே அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டை அடித்தார். தவறு என்றது. மறுபடி நிதானமாக அடித்தார். தவறு. இன்னும் இரண்டு மூன்று தடவை முட்டிப்பார்த்தார். ரவுட்டர் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். யார்? பாண்டித்துரையா? அவனுக்கு சொந்த போனையே சரியாக அணைக்கத் தெரியாது.

வேறு வழியில்லாமல் டெல்பினைக் கூப்பிட்டார். ரவுட்டரை மாட்டிக் கொடுத்தவள் அவள்தான். தூத்துக்குடியில் கடை வைத்திருக்கிறாள்.

“சார், நான் அம்மா கல்லறையில நிக்கேன்” என்றாள். பின்னணியில் ஜெபம் கேட்டது. “அவசரமா?”

“பாஸ்வேர்டு மறந்துபோச்சும்மா. உள்ள போகணும்.”

“அது ஒண்ணுமில்ல. பின்னால குண்டூசி நுழையுத மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். லைட்டெல்லாம் அணையுத வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. பழசு எல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிடும். அடியில ஸ்டிக்கர்ல பாஸ்வேர்டு இருக்கும், அதைப் போடுங்க.”

பழசு எல்லாம் அழிஞ்சிடும் என்ற சொல் ரங்கராஜின் காதில் தேனாகப் பாய்ந்தது. குண்டூசியை எடுத்து அமுக்கினார். ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டது. விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெயர் அழிந்துவிட்டதா என்று உள்ளே போய்ப் பார்க்க, அடி ஸ்டிக்கருக்காக ரவுட்டரைத் தூக்கியவர் கையை உதறினார். ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற ரவுட்டர் சூடாகத்தானே இருக்கும்? ஸ்டிக்கரின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்து எழுத்துகளைப் படித்து அடித்தார்.

திரையில் ஒரு வரி வந்தது.

வேறொரு அட்மின் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.

“டெல்பின், இப்படிக் காட்டுது” என்று வாசித்துக் காட்டினார்.

“ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் போக முடியும் சார். அங்கன வேற யாரும் லேப்டாப் வச்சிருக்காங்களா?”

“இங்க ஒரு ஆளும் கிடையாது.”

“இல்லாம காட்டாது சார். கீழ அந்த ஆளோட சாதனம் பேரு இருக்கும், பாருங்க.”

பார்த்தார்.

பிலோமி தருவைகுளம்.

தன் கையால் தடுத்த அதே பெயர். பயத்துக்கு முன்னால் அவருக்குக் கோபம்தான் வந்தது. செத்தவள் போன் கிடைக்கவே இல்லை என்று அன்றைக்குச் சொன்னார்களே, அப்படியானால் எவனோ எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான். இப்போது அதை வைத்து விளையாடுகிறான். அதிகாரி வரும் நேரம் பார்த்து நீட்டப்போகிறான்.

“என்ன பேரு சார்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த போன் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

“எந்த வைஃபை பெட்டியில ஒட்டியிருக்குன்னு பக்கத்துலயே போட்டிருக்கும்.”

போட்டிருந்தது. குளிர் அறை.

அதே நேரம் தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து ஒரு போன் மணி கேட்டது. கனத்த கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. எப்போதும் இரைகிற கம்ப்ரஸர் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

“சார்” என்றாள் டெல்பின். அவள் குரல் தணிந்திருந்தது. “நாளைக்கு நான் நேர்ல வாரேன். இப்போ அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போங்களேன்.”

வாழ்க்கையில் எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிய மனிதர், அன்றைக்கு மட்டும் தள்ளவில்லை. போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நடந்தார்.

தாழ்வாரத்தில் றால் கவிச்சி தூக்கலாக அடித்தது. குளிர் அறைக் கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. கதவு சாத்திக்கொள்ளாதபடி இரண்டு பெட்டிகளை இழுத்து முட்டுக்கொடுத்தார். கதவின் உள்பக்கக் குமிழைத் திருகிப் பார்த்தார். விசாரணைக்காகப் போன வாரம் மாட்டிய புதுக் குமிழ், நன்றாக வேலை செய்தது. பக்கத்தில் சிவப்பாக ஆபத்து மணிப் பொத்தான். அதற்கு ஒயர் மட்டும் இன்னும் இழுக்கவில்லை. நாளைக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

உள்ளே போனார். காதிலிருந்த போனில் ஜெபச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டு நின்றுபோனது.

மணி, கடைசி அடுக்கின் அடியிலிருந்து வந்தது. குனிந்து பெட்டிகளுக்கு இடையில் கையை விட்டார். விரல்கள் மரத்தன. பனிக்கட்டிக்குள் பாதி புதைந்து ஒரு போன் கிடந்தது. பின்பக்கத்தில் பனிமய மாதா ஸ்டிக்கர். பிய்த்து எடுத்தார். இரண்டு மாதத்துக்கு மேலாக இந்தக் குளிரில் கிடந்த போன்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

அதில் ரவுட்டரின் அட்மின் பக்கம் திறந்திருந்தது. இணைப்பில் உள்ள போன்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர். ரங்கராஜ் மேனேஜர். பக்கத்தில் ‘தடு’ என்ற பொத்தான்.

திரையில் படிந்திருந்த பனி, அந்தப் பொத்தானின் மேல், ஒரு விரல் நுனி அளவுக்கு மெதுவாக உருகியது.

அவர் தொடவில்லை.

அவருடைய சொந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. ‘உங்கள் போன் அட்மினால் தடுக்கப்பட்டது.’

பின்னால் பெட்டிகள் சரசரவென்று தரையில் நகரும் சத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

ரங்கராஜ் ஓடிப்போய்க் குமிழைப் பிடித்தார். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது, கதவு அசையவில்லை. சிவப்புப் பொத்தானை அடி அடியென்று அடித்தார். ஒயரில்லாத பொத்தான் என்ன செய்யும்? பாண்டித்துரை, பாண்டித்துரை என்று தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் அவனைத் தானே அனுப்பிவைத்தது நினைவுக்கு வந்தது. டெல்பினை அழைத்தார். டவர் இல்லை. வைஃபை இல்லை. மறுபடி அழைத்தார். மறுபடி, மறுபடி.

அவளும் இப்படித்தான் அழைத்திருப்பாள்.

அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு அழுகை வந்தது. அவளுக்காக இல்லை, தனக்காகத்தான்.

மேலே எரிந்த விளக்கு அணைந்தது.

இருட்டில் அவர் மூச்சு அவருக்கே கேட்டது. நிறுத்திப் பார்த்தார். மூச்சு தொடர்ந்து கேட்டது. தோளுக்குப் பக்கத்தில்.

“சார்...” மிக மெல்லிய குரல். “லைன் கிடைக்கலையா?”

“பிலோமி” என்றார். பல் தந்தியடித்தது. “தாயே, தப்பு என்மேலதான். எல்லாரு முன்னாலயும் சொல்லிருதேன். அதிகாரிகிட்டயே சொல்லிருதேன். கதவை மட்டும் திறந்துவிடு.”

காதோரத்தில் சில்லென்று காற்று பட்டது.

“நாளைக்குப் பாக்கலாம்.”

மறுநாள் காலை அதிகாரி வந்தபோது பாண்டித்துரைதான் சுவர் ஏறிக் குதித்து கேட்டைத் திறந்தான். குளிர் அறைக் கதவு லேசாகத் தள்ளியதுமே திறந்தது. குமிழில் ஒரு குறையும் இல்லை, ஒற்றை விரலால் திருகலாம் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். ரங்கராஜ் கதவை ஒட்டிக் குத்தவைத்து விறைத்துச் செத்துப்போயிருந்தார், போனைக் காதில் வைத்தபடி. பிலோமியின் போனை மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி டெல்பினை வரச்சொல்லிப் புது ரவுட்டர் மாட்டச் சொன்னார். அவளுக்குப் போக மனமே இல்லை. அன்றைக்கு அந்த போன் பாதியில் அறுந்ததிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. ஆனாலும் போனாள், அம்மாவின் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் நேரத்தில், சீல் உடைக்காத பெட்டியைத் தன் கையால் பிரித்தாள். புது சிம் போட்டாள். புது பாஸ்வேர்டு வைத்தாள். அட்மின் பக்கம் ஒரு தடங்கலுமில்லாமல் திறந்தது. அப்பாடா என்றிருந்தது.

கிளம்புவதற்கு முன்னால், வழக்கம்போல, எல்லாப் பகுதியையும் ஒருமுறை திறந்து பார்த்தாள்.

தடுக்கப்பட்ட போன்கள். புது ரவுட்டரில் அது காலியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு பெயர் இருந்தது. ரங்கராஜ் மேனேஜர்.

அவருடைய போன் அணைந்து, போலீஸ் ஸ்டேஷன் பீரோவில் கிடக்கிறது என்று டெல்பினுக்குத் தெரியும். ஆனால் பெயருக்குப் பக்கத்தில், குளிர் அறை என்று போட்டு, ஒரு வரி மினுங்கி மினுங்கி மறைந்து மறுபடி வந்துகொண்டிருந்தது.

இணைய முயல்கிறது. மறுக்கப்பட்டது.

இணைய முயல்கிறது. மறுக்கப்பட்டது.