குரோட்டன்ஸ் இலையும் வெள்ளைத் துணியும்

விடிந்ததும் மாமியாரின் அறைக்குள் எட்டிப் பார்த்த மாதம்மாளுக்குத் திக்கென்றது. கட்டிலைச் சுற்றி எண்ணெய் டின்களில் அவள் வளர்த்த ஏழு குரோட்டன்ஸ் செடிகளில் ஒன்றுகூட இல்லை. ஏழும் எருக்குழியில் கவிழ்ந்து கிடந்தன. மாமியார் பெரியம்மாள் சொல்ல, கணவன் ராஜப்பன்தான் கொண்டுபோய்க் கொட்டியிருந்தான்.

பெரியம்மாளுக்கு மூச்சிளைப்பு. மார்கழி பிறந்ததிலிருந்து படுக்கைதான். அந்த உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. காற்று வரவேண்டுமானால் நடுவீட்டு வழியாகத்தான் வரவேண்டும். நடுவீட்டிலோ பட்டுப்புழுத் தட்டுகள். புழு தோல் உரிக்கும் நாட்களைப் பாலக்கோட்டுப் பக்கம் ஜுரம் என்பார்கள். ஜுரத்தில் கிடக்கும் புழுவுக்குக் குளிர் ஆகாதென்று, சாக்குப் படுதா கட்டி, கும்முட்டி அடுப்பில் உமியைப் புகையவிட்டு நடுவீட்டைக் கணகணவென்று வைத்திருந்தார்கள். புழுவுக்கு நடந்த உபசாரம் அந்த வீட்டில் மனிதருக்கு நடந்ததில்லை.

மாதம்மாள் எட்டாவது வரை படித்தவள். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை நம்பித்தான் டின்களை அடுக்கினாள். தினமும் வெள்ளைத் துணியால் இலைகளைத் துடைத்தாள். இளைப்போ கூடிக்கொண்டே போனது. பழி முதலில் செடி மேல் விழுந்தது. செடி வைத்தவள் மேல் விழ எவ்வளவு நேரமாகும்?

"செடி என் மூச்சப் புடுங்குதுன்னு தெரிஞ்சேதான் வெச்சா... நான் போனா சாவிக்கொத்து அவ கைக்கு வந்துருமில்ல..." என்று பெரியம்மாள் மகனிடம் இரைத்து இரைத்துச் சொன்னது, வாசற்படியில் நின்றவளின் காதில் விழுந்தது.

மாதம்மாள் அழுதாள். ஒரு மாதமாக அவள் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டிய உடம்பு அது. அந்த வாயா இப்படிப் பேசியது! அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த, இலை துடைக்கும் துணியை எடுத்து வந்து மாமியார் மடியில் விரித்தாள்.

"நேத்துக் காலைல துவைச்ச துணிங்க அத்தை. சாயங்காலம் ஒரே ஒரு செடியத்தான் தொடைச்சன். பாருங்க."

துணி அடுப்புச் சட்டியைத் துடைத்ததுபோல் கறுத்திருந்தது.

"ஒரு நாள்ல இலை மேல இம்புட்டுக் கரி உக்காந்தா, உங்க நெஞ்சுல எம்புட்டு உக்காந்திருக்கும்? இலைய நான் தொடைச்சிட்டன்... நெஞ்ச எப்படிங்க தொடைப்பன்? செடியே எல்லாத்தயும் பாத்துக்கும்னு நெனச்சது என் தப்புதான். இந்தக் கும்முட்டிக்கு முன்னால ஏழு செடி என்ன பண்ணும்?"

ராஜப்பன் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெரியம்மாள், கும்முட்டியை எடுத்தால் புழு என்னாவது என்று கேட்டாள்.

"புழு போனா மறுபடியும் முட்டை வாங்கி வளத்துக்கலாம். நீங்க போனா?"

அதற்குமேல் அவள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. கும்முட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டினாள். படுதாவை அவிழ்த்தாள். வீட்டில் இரண்டு ஜன்னல் உள்ள ஒரே அறை அவளும் கணவனும் படுக்கும் அறை. மாமியாரை அங்கே படுக்கவைத்துவிட்டு, உள்ளறையில் தன் பாயை விரித்தாள். போர்வைகளைத் தட்டுகளுக்குப் போர்த்தியும் பாதிப் புழு செத்தது. வெளிறிக் கிடந்த புழுக்களை ராஜப்பன்தான் அள்ளிக் கொட்டினான். எருக்குழியிலிருந்து ஏழு டின்களையும் எடுத்து வந்து மண் போட்டவனும் அவன்தான். மூன்று செடிகள் பிழைத்தன.

பத்து நாள் கழித்து ஒரு காலை, கஞ்சி கொண்டுவந்த மாதம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியம்மாள் யார் துணையும் இல்லாமல் எழுந்து, ஜன்னலோரத்துக் குரோட்டன்ஸ் இலையை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பார்த்தாள். இன்னொரு இலையைத் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"மாதம்மா... என்ன பேச்சுப் பேசிட்டன் உன்னய..."

மருமகளைக் கட்டிக்கொண்டு அவள் அழுதபோது நெஞ்சு குலுங்கியது. ஆனால் இரைப்பு இல்லை. அழுகை ஓய்ந்ததும் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினாள்.

மாதம்மாள் அதை வாங்கி, மாமியாரின் இடுப்பிலேயே திரும்பச் செருகினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க அத்தை. அந்தத் துணிய மட்டும் எனக்குக் குடுங்க. இன்னும் ரெண்டு செடி பாக்கி இருக்குது."