முப்பத்திரண்டாவது வில்லை

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஒரு தகரப் பெட்டியும் ஒரு மூட்டைப் புத்தகங்களுமாக அந்த ஊருக்கு உபதேசியாராக வந்து சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் போலீஸ்காரர்கள் என் பெட்டியை இரண்டு முறை திறந்து பார்த்தார்கள். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே எல்லோருடைய பெட்டியையும் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, கல்குவாரி லாரிகள் அரைத்துப் போட்ட பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். வேப்பமரத்தின் இலைகள் கூடக் கல்தூளில் வெளுத்திருந்தன.

ஏரிக்கு மேட்டில் கோயில் இருந்தது. ஸ்காட்லாந்து மிஷன் கட்டியது. தடித்த சுவர், குறுகிய ஜன்னல்கள், வௌவால் வாடை. வெளியே அவ்வளவு வெயில் இருந்தும் உள்ளே நுழைந்ததும் கைமயிர் சிலிர்த்தது.

ஜெபக் கூட்டங்கள் நடத்துவதும் வாரந்தோறும் பிரசங்கம் செய்வதும் என் வேலை. திருவிருந்து தர, மாதத்தின் முதல் ஞாயிறன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போதகர் வருவார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை நடப்பதை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

சபையின் மூத்த பொறுப்பாளரான பொன்னுரங்கம் மூப்பர் ஓர் இரும்புப் பெட்டியுடன் வந்து உட்காருவார். அதில் நாற்பது ஈய வில்லைகள். பழைய வெள்ளைக்கார மிஷனரி ஐயர் வார்த்தவை. சபையார் ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்க வேண்டும். தகுதி உண்டென்று மூப்பருக்குத் தோன்றினால் கையில் ஒரு வில்லை விழும். ஞாயிறன்று பீடத்துக்கு முன்னுள்ள மரக் கிராதியின் முன் முழங்காலிடும்போது வில்லையை என் பித்தளைத் தட்டில் போட வேண்டும். வில்லை இல்லாதவருக்கு அப்பம் இல்லை.

"மூப்பரு பொட்டியத் தொறந்தா ரேஷன் கடையில மண்ணெண்ண ஊத்தறாப்ல கீது" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டில்லிபாபு என் காதில். "கேன் இருந்தாலும் போதாது. கடக்காரன் மனசு வெக்கணும்."

போதகருக்கும் இது பிடிக்கவில்லை. "பழைய காலத்து வழக்கம், போகப் போகச் சரியாயிடும்" என்பார். மாதம் ஒரு முறை பஸ்ஸில் வந்து போகிறவர் அதற்கு மேல் என்ன சொல்வார்?

ஆகஸ்ட் கடைசி வியாழக்கிழமை கண்ணப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். குவாரியில் கல் உடைக்கிறவன். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"குடிய வுட்டு நாப்பது நாளாச்சு உபதேசியாரே. எம் பொஞ்சாதி லீலாவக் கேட்டுப் பாருங்க."

"மூப்பர்கிட்ட சொன்னீங்களா?"

"நான் சொன்னா நம்புவாரா? போன தபா அப்பிடிச் சொல்லிட்டு அடுத்த வாரமே சாக்கடையில கெடந்தவன் நான்." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வாயால வந்தா அவரு தட்ட மாட்டாரு. ஆறு வருசமா வெளிய ஒக்காந்து பாத்துகினு கீறேன்."

"சொல்றேன்" என்றேன்.

மறுநாள் மாலை அவன் பெட்டியின் முன் நின்றான். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மூப்பர் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துக் கேட்டார்: "இவனுக்காகப் பேச யாராச்சும் கீறீங்களா?"

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குள் தயாராக இருந்தது. ஒரு மனிதனின் உள்ளத்தை நான் எப்படி அறிவேன் என்ற யோசனை அதன் குறுக்கே வந்தது. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் எனக்கு. யோசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும்.

மூப்பர் பெட்டியை மூடினார்.

கண்ணப்பன் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ஞாயிறன்று அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று, நாங்கள் அப்பம் வாங்குவதைப் பார்த்தான். திங்கள் காலையில் குவாரிக் குட்டையில் மிதந்தான். வழுக்கி விழுந்தானா, தானே விழுந்தானா என்று யாருக்கும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் லீலா வந்தாள். அழுகை வற்றிப்போன முகம்.

"எனக்கு ஆறுதல் எதுவும் வாணாம் ஐயா. ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அவரு உள்ள கீறாரா, வெளிய கீறாரா?"

மூப்பரிடம் போனேன். கோயில் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒலகம் உண்டாவறதுக்கு முன்னாலயே யாரு யாருன்னு தெரிஞ்செடுத்தாச்சு தம்பி. அந்தக் கணக்குல ஒன்னு கூடவும் கூடாது, ஒன்னு கொறையவும் கொறையாது."

"அப்போ அவன் நாற்பது நாள் குடிக்காம இருந்தது?"

"அதனால ஆளு மாறாது."

"நீங்க வில்லை குடுத்திருந்தா?"

"நான் குடுக்காததால அவன் வெளிய போவல. அவன் வெளிய இருந்ததாலதான் எனக்குக் குடுக்கத் தோணல."

"இப்படி இருந்தா நீங்க எதுக்கு மூப்பரே? நான் எதுக்கு? இந்தப் பெட்டி எதுக்கு?"

அவர் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "இந்தக் கேள்வி எனக்குத் தோணலன்னா நெனக்கிற? என் பேரு அந்தக் கணக்குல கீதான்னு எனக்கு யாரு சொல்லுவா?"

அந்த மனிதரின் கண்ணில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு மழையோடு விடிந்தது. காலை ஒன்பது மணிக்கே கோயிலுக்குள் அந்தி போல் இருட்டு. வெள்ளிக்கிழமை மூப்பர் முப்பத்தொரு வில்லைகள் கொடுத்திருந்தார். என்னுடையதும் அதில் சேர்த்தி. என் வில்லையை முதலில் தட்டில் போட்டுவிட்டுக் கிராதியின் ஓரமாக நடந்தேன். ஒவ்வொருவரும் போடும்போது டிங் என்று ஒரு சத்தம்.

கடைசி ஆளையும் தாண்டித் திரும்பினேன்.

டிங்.

பின்னால் யாரும் இல்லை. கிராதியின் கடைசி ஓரம் காலியாக இருந்தது. அங்கிருந்து ஒரு வாடை வந்தது. நெடுநாள் தேங்கிய தண்ணீரில் கல்தூள் கரைந்த வாடை.

தட்டில் ஒரு வில்லை மட்டும் ஈரமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் எண்ணினார். முப்பத்திரண்டு. மறுபடியும் எண்ணினார். பெட்டியில் மீதமிருந்த ஒன்பதையும் சேர்த்து எண்ணினார். நாற்பத்தொன்று. ஈரமான அந்த ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனார். மாலையில் என்னிடம் கைக்குட்டையை நீட்டினார். முடிச்சு அவிழவில்லை. உள்ளே ஒன்றுமில்லை. துணி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அன்று இரவு லீலா வீட்டில் வாசற்படியிலிருந்து அடுப்பங்கரை வரை ஈரக் காலடிகள் இருந்தனவாம். "தொடைக்கத் தொடைக்க வருது ஐயா. பசியோட வந்துட்டுப் போறாப்ல கீது." நடுங்கியபடி சொன்னாள். ஆனால் அவள் கதவைச் சாத்தவில்லை.

நான் அந்த மாதம் முழுக்க அதிகம் தூங்கவில்லை. புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்குகிறவன் வந்து நிற்கிறான், கொடுக்க ஆளில்லை என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

நவம்பர் முதல் ஞாயிறு. அதே மழை, அதே முப்பத்தொரு பேர். தட்டில் முதலில் என் வில்லை. கடைசியாக, யாரும் இல்லாத இடத்திலிருந்து, டிங்.

இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டைப் பீடத்தில் வைத்துவிட்டு, கடைசிப் பந்தியில் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

இடது பக்கம் குளிர்ந்தது.

போதகர் அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்தார். பாத்திரத்தை எடுக்கப் பீடத்தின் பக்கம் திரும்பினார்.

கிராதியின் மரம் எனக்குப் பக்கத்தில் நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கைகளின் அச்சு.

பிறகு அச்சுக்கு மேலே கைகளும் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நாங்கள் எல்லோரும் ஏந்துவதுபோல் ஏந்தியிருந்தன. நகங்களுக்குள் வெள்ளைத் தூள். ஊறிச் சுருங்கிய தோல்.

நிமிர்ந்து முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த முறை நான் யோசிக்கவில்லை. என் கையிலிருந்த அப்பத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

விரல்கள் மூடிக்கொண்டன. யாரோ வெகுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விடும் சத்தம் கேட்டது. மரம் உலர்ந்தது. வாடை போய்விட்டது. போதகர் பாத்திரத்தோடு திரும்பியபோது நான் அழுதுகொண்டிருந்தேன். துக்கத்தால் இல்லை.

பிறகு மூப்பர் தட்டை எண்ணினார்.

"முப்பத்தொன்னு" என்றார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அப்பாடா. சரியாப் பூட்ச்சு."

நான் தட்டைப் பார்த்தேன். ஈரமான வில்லை அங்கேதான் இருந்தது. தொட்டேன். குளிர்ந்தது.

அது எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது என்றால், இல்லாமல் போனது எது?

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்த வில்லையின் ஓரம் நசுங்கியிருந்தது. தட்டின் அடியில், முதலில் விழுந்தது அதுதான். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நசுங்கியது எதுவும் இல்லை.

மூப்பர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"தம்பி," கிசுகிசுத்தார், "நீ இன்னா பண்ண?"

வில்லைகளை மறுபடியும் தட்டில் அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வாரம் லீலா ஏரி மீன் குழம்பு கொண்டுவந்தாள். இரண்டு மாதத்தில் முதன்முறையாகத் தலையில் பூ வைத்திருந்தாள். வீட்டில் ஈரம் நின்றுபோனதாம். "அவரு உள்ள பூட்டாரு ஐயா. எனக்குத் தெரியும். தூங்கி எழுந்தேன், நெஞ்சுல இருந்த கல்லு இல்ல." திடீரென்று என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க ஏன் இப்டி எளச்சுப் போனீங்க?"

அவளிடம் என்ன சொல்வது? சந்தோஷமாக இரு என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

மற்றபடி எதுவும் மாறவில்லை. டீக்கடையில் டீ கொடுத்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். டில்லிபாபு, "இன்னா உபதேசியாரே, மீன் கொழம்பு வாசன தெரு வரைக்கும் வந்துச்சே, கூப்ட மாட்டீங்களா?" என்று வம்புக்கு இழுத்தான். ஜெபம் செய்ய உட்காரும்போது மட்டும் ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் அந்த மௌனத்தில் மறுபக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார். நான் மௌனத்தை விரும்பியதே அதற்காகத்தான். இப்போது அது ஆளில்லாத வீட்டின் மௌனம்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மூப்பர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்து என் கையில் அழுத்தினார். விரல்களை மடித்து, தன் இரண்டு கைகளாலும் பொத்தினார்.

"எனக்குக் குடுக்கத் தோணுது தம்பி" என்றார்.

"அது போதுமா மூப்பரே?"

அவர் என் கையை விடவே இல்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு. மழை விட்டு, ஜன்னல்கள் வழியாகப் பளிச்சென்று வெயில் விழுந்தது. வில்லையைத் தட்டில் போட்டேன். சத்தம் வரவில்லை. ஒருவேளை நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

கடைசிப் பந்தியில் டில்லிபாபுவுக்கும் முனிரத்தினத்துக்கும் நடுவில் முழங்காலிட்டேன். காலையில்தான் போதகர் என் வீட்டில் இட்லி சாப்பிட்டிருந்தார். சட்னியில் உப்பு தூக்கல் என்று கேலி செய்திருந்தார். இப்போது அப்பத் தட்டோடு வந்தார். டில்லிபாபுவின் கையில் வைத்தார். ஓரடி நகர்ந்தார். முனிரத்தினத்தின் கையில் வைத்தார்.

என் கைகள் ஏந்தியபடியே இருந்தன.

"ஐயா" என்றேன்.

அவர் நின்றார். எதையோ மறந்தவர்போல் திரும்பி வந்தார். என் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, புருவத்தைச் சுருக்கினார். பின்னால் நின்ற மூப்பர் வாயைப் பொத்திக்கொண்டார்.

போதகர் குனிந்து, எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னார்.

"நடுவுல எதுக்குப்பா இவ்ளோ எடம்? நெருங்கி முட்டி போடுங்க."

இருவரும் நெருங்கினார்கள். அவர்களுடைய தோளும் தோளும் தொட்டுக்கொண்டன.