தகுதிமானியை அளந்தவர்கள்

தகுதிமானி பத்தொன்பது என்றது. நாற்பது எடுத்தால்தான் உச்சவரிசைப் பந்தயத்தில் இடம்.

கோயம்புத்தூர் நொய்யல் அணியின் தலைவி பூங்கோதை திரையையே வெறித்துப் பார்த்தாள். இது மூன்றாவது விண்ணப்பம். மூன்று முறை தோற்ற அணி அதன்பிறகு எந்தக் காலத்திலும் விண்ணப்பிக்க முடியாது என்பது விதி. சின்னியம்பாளையத்துப் பட்டறையில் நூற்று நாற்பது பேர் ஒன்பது வருடம் உயிரைக் கொடுத்துச் செய்த காரை இனிக் கண்காட்சியில் நிறுத்தி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு அழுகை முட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த பதினோரு அணி முதலாளிகள் முன்னால் அழுது தொலைக்கக் கூடாது என்று தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

தகுதிமானி வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன், புது அணியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பழைய அணிகளே ஓட்டுப் போட்டன. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம் இன்னோர் இலை போடலாமா என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஊர் சிரித்தது. ஆகவே பாரபட்சம் இல்லாத ஓர் இயந்திரத்தைக் கட்டினார்கள். அணியின் வரைபடங்கள், ஆட்கள், வேலை செய்யும் விதம் எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், அது பத்தாயிரம் பந்தய ஆண்டுகளைத் தனக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை மாற்ற, பந்தயத்தை நடத்தும் மன்றத்துக்கே அதிகாரம் கிடையாது. இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புது அணிகூட நாற்பதைத் தொடவில்லை. பழைய அணிகளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

"உங்கள் முதன்மைக் குறை சக்கர மாற்றத்தில் உள்ளது" என்றார் மன்றத்தின் அளவை அதிகாரி இங்க்ரிட். நார்வேக்காரர். காதில் செருகியிருந்த மொழிமாற்றி அவர் பேச்சைச் செய்தி வாசிப்பவர் குரலில் சுத்தத் தமிழாக்கித் தந்தது. "இயந்திரக் கரம் மரையை இறுக்கிய பிறகு, உங்கள் ஆட்கள் அதை மீண்டும் ஒருமுறை கையால் முறுக்கிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு வினாடி வீண். பத்தாயிரம் ஆண்டுகளிலும் இதையே செய்தார்கள்."

மரை என்று மொழிமாற்றி சொன்னது நட்டைத்தான். பூங்கோதைக்குப் பக்கத்தில் இருந்த தலைமைப் பொறியாளர் மயில்சாமி நெளிந்தார். கை வைத்துப் பார்க்காமல் ஒரு சாமானைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்புவது அவர்கள் பழக்கத்தில் இல்லை. பம்ப்செட் செய்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட குணம் அது. பந்தயத்தில் அது தப்பு என்று அவருக்கே தெரியும்.

"ஏனுங்க, பத்தாயிரம் வருசத்துல ஒருக்காக்கூடவா எங்காளுகளுக்குப் புத்தி வராது?" என்று கேட்டார்.

"விண்ணப்பித்த நாளில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, அப்படியே மானி எடுத்துக்கொள்ளும்."

"செரிங்க. இந்த மானிய எதைய வெச்சுச் சரி பாத்தீங்க?"

இங்க்ரிடுக்குக் கேள்வி புரியவில்லை. மயில்சாமி எழுந்து நின்றார்.

"எங்க பட்டறைல காத்தால மைக்ரோமீட்டரக் கையில எடுத்தா, மொதல்ல சரியா இருபத்தஞ்சு மில்லின்னு தெரிஞ்ச மாஸ்டர் பீஸ அளந்து பாப்போமுங்க. இருபத்தஞ்சு காட்டுனாத்தான் அன்னிக்கு வேல. உங்களுக்கு இது நல்ல அணின்னு தெரிஞ்ச ஒண்ணு இருக்குமில்லீங்க? அவங்க மொதமொதல்ல குடுத்த விண்ணப்பத்த இதுல போட்டு, நாப்பது காட்டுதான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை. இங்க்ரிட் நேர்மையான பெண், முகம் சிவந்துவிட்டது. "பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

டெல்மோரா அணியின் முதலாளி ஒட்டாவியோ வாய்விட்டுச் சிரித்தார். பதினான்கு முறை உலகப் பட்டம் வென்ற மனிதர். "எங்களுடையதைப் போடுங்கள். தயக்கம் எதற்கு?"

முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய விண்ணப்பத்தை ஆவணக் கிடங்கிலிருந்து எடுத்து உள்ளே கொடுத்தார்கள். மானி நான்கு நிமிடம் யோசித்தது. ஏழு என்றது.

அரங்கமே சிரித்தது. ஒட்டாவியோ சிரிக்கவில்லை. "இவர்களுடையதையும் போடுங்கள்!" என்று மேசையைத் தட்டினார். இப்போது மற்றவர்களின் சிரிப்பு நின்றது. மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் பின்வாங்கினால் அடுத்தவர் கேலி செய்வாரே. ஒவ்வொன்றாகப் போட்டார்கள். தேநீர் வருவதற்குள் பதினோரு அணியும் முடிந்துவிட்டது. அதிகபட்சம் இருபத்து மூன்று. குறைந்தபட்சம் மூன்று, அதை எடுத்தது முதல் பந்தயத்தில் புறப்படுவதற்கு முன்பே தன் காரை எரித்துக்கொண்ட அணி.

இங்க்ரிட் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மானியிடம் தோற்ற அணி உச்சவரிசையில் ஓட முடியாது. மேல்முறையீடும் இல்லை. வெளியாட்கள் தொல்லை கொடுக்கக் கூடாது என்று அந்த விதியைக் கேட்டு வாங்கியவர்களே இந்தப் பதினோரு பேரும்தான். மார்ச் மாதம் பந்தயம் தொடங்க வேண்டும். ஓடத் தகுதியுள்ள அணி உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

"அண்ணா, நமக்கு ஒரு எடம் கேட்டு வந்தா, நீங்க பந்தயத்தையே மூடிட்டீங்களே" என்றாள் பூங்கோதை, பயந்துபோய்.

"நான் நட்ட லேசா முறுக்கித்தானுங்க பாத்தேன் அம்மிணி. அது கழண்டு கையோட வந்துருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பயம் கொஞ்சம் போயிற்று. எழுந்தாள்.

"தண்ணில எறங்காம நீச்சல் வராதுங்க. இந்த மானி கரைல நிக்கறவன மட்டுமே பாக்குது. எறங்குனதுக்கப்புறம் அவன் என்ன கத்துக்குவான்னு அதுக்குத் தெரியாது. நாப்பது சுத்து, குறிச்ச நேரத்துல ஓடி முடிக்கறவங்களுக்கு ஒரு வருசம் எடம் குடுங்க. கடைசியா வர்றவங்க அடுத்த வருசம் மறுபடி ஓடிக் காட்டட்டும். எங்களுக்கும் அதே சட்டம், உங்களுக்கும் அதே சட்டம்."

விதியை மாற்றப் பதினோரு கையும் உயர வேண்டும். நீண்ட நேரம் ஒன்றும் உயரவில்லை.

"என் முதல் பந்தயத்தில் கியர்பெட்டி உடைந்தது" என்றார் ஒட்டாவியோ, யாரையும் பார்க்காமல். "பக்கத்து அணிக்காரன் தன்னிடமிருந்த மாற்றுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். அது இந்த மானிக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார் இங்க்ரிட்.

ஒட்டாவியோ கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து மற்றப் பத்துக் கைகளும் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

மார்ச்சில் பதினான்கு அணிகள் ஓடின. நொய்யலோடு, எப்போதோ மானியிடம் தோற்றுப்போன வேறு இரண்டு அணிகளும் வந்து சேர்ந்திருந்தன. நொய்யல் முதல் மூன்று பந்தயத்திலும் கடைசி. மானி சொன்னது அப்படியே பலித்தது. மயில்சாமி தன் ஆட்களிடம் நட்டைத் தொடாதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கை கேட்கவில்லை. நான்காவது பந்தயத்தில் ஒரு பெண் மெக்கானிக் வேறொன்று செய்தாள். இயந்திரக் கரம் இறுக்கும்போதே அதன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டாள். நட்டு சரியாக உட்கார்ந்தால் ஒருவித அதிர்வு, உட்காராவிட்டால் வேறு அதிர்வு. ஒரு வினாடிகூட வீணாகவில்லை. அந்த வருடம் நான்கு அணிகளின் சக்கரம் ஓடும்போதே கழன்று போயிற்று. நொய்யலுடையது ஒன்றுகூடப் போகவில்லை. அடுத்த வருடம் எல்லா அணிகளும் விரலை வைத்தன.

மூன்றாவது வருடம் நொய்யல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. பூங்கோதைக்கு இப்போது மன்றத்தில் நாற்காலி உண்டு.

அப்போதுதான் கென்யாவின் கிசுமு ஊரிலிருந்து ஓர் அணி வந்தது. நாற்பது சுற்றையும் முடித்துவிட்டார்கள். மைதானத்தில் இருப்பது பதினான்கு இடம். இவர்கள் வந்தால் அடுத்த வருடம் யாரோ ஒருவர் வெளியே போக வேண்டும். ஐந்து வருடத்துக்குப் புது அணியே வேண்டாம் என்று தீர்மானம் வந்தது. பதினான்கு பேரும் ஒப்பினால் நிறைவேறும். கைகள் உயர்ந்தன. மானியிடம் தோற்று வந்த அந்த இரண்டு அணிகளின் கைகள்தான் முதலில் உயர்ந்தன. ஒட்டாவியோவின் கைகூட முக்கால்வாசி மேலே போயிருந்தது.

எல்லாரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். அவளுக்கும் கை துறுதுறுத்தது. கிசுமு காரின் முப்பத்தொன்றாவது சுற்று, நொய்யலின் சுற்றைவிட வேகம். அதை அவள் இரண்டு முறை சரிபார்த்திருந்தாள். பட்டறையில் இப்போது முந்நூறு பேர்.

பின்னால் இருந்த மயில்சாமியிடம் திரும்பிக் கிசுகிசுத்தாள். "அண்ணா, அவங்களுக்கு இன்னும் பக்குவம் பத்தாதுங்க. பேசாம புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வெச்சா என்ன?"

"வெக்கலாமுங்க அம்மிணி. பாஸ் மார்க்கு எத்தன, நாப்பதா?"

பூங்கோதைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். பதின்மூன்று கைகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இறங்கின. தீர்மானம் தோற்றது.

அடுத்த வருடத்தின் ஏழாவது பந்தயம். கடைசிச் சுற்றில் நொய்யல் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தது. கடைசித் திருப்பத்தில், யாரும் போகத் துணியாத வெளிப்பக்கமாக ஏறி, கிசுமு கார் அதை முந்திக்கொண்டு போயிற்று. நொய்யல் ஆறாவது.

"நாசமாப் போக!" என்று பூங்கோதை தலையிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் எறிந்தாள். உண்மையாகவே கோபம்.

"கையத் தூக்கியிருந்தா இவங்க இன்னிக்கு இங்க இருக்க மாட்டாங்க" என்றார் மயில்சாமி.

"தெரியுமுங்க." அவள் திரையில் அந்தத் திருப்பத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டாள். "அந்தப் பக்கமா எப்புடிங்கண்ணா போக முடிஞ்சுது? வாங்க, அவங்ககிட்டயே போய்க் கேப்போம்."