மாடு பேச வந்தவன்

“பாட்டி… பாட்டி! ஓரமா நில்லுங்க, குதிரைக்குக் கால் வழுக்குது!”

லினேயோ நின்றாள். முன்னால் பார்த்தாள். மலைப்பாதையில் பனியைத் தவிர ஒரு குருவிகூட இல்லை. அப்படியென்றால் பாட்டி…?

தலையை மூடியிருந்த கம்பளியை விலக்கிச் சட்டென்று திரும்பினாள்.

“யாருங்க பாட்டி?”

குதிரை மேலிருந்தவன் வாயைத் திறந்தான், மூடினான். இமையெல்லாம் பனித்துகள். அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள்… முதலில் மிரண்டு, பிறகு மெல்லச் சிரித்து… முறைக்கத்தான் நினைத்தாள். முறைப்பு பாதி வழியிலேயே எங்கோ நழுவிவிட்டது.

“மன்னிச்சிடுங்க. குனிஞ்சு நடந்தீங்களா… முதுகைப் பாத்து ஏமாந்துட்டேன்.”

“பை கனமா இருந்தா எல்லாரும்தான் குனிவாங்க!”

கோபத்தில் பையை வெடுக்கென்று தூக்கினாள். அதற்கென்றே காத்திருந்ததுபோல் காதறுந்தது. மசேரு பட்டணத்தில் வாங்கிய ஆரஞ்சுகள் அத்தனையும் வெள்ளைச் சரிவில் உருண்டோடின.

அவன் குதித்து இறங்கி, முழங்கால் புதைய ஓடிப் பொறுக்கினான். ஒரு பழம் ஓடைப் பக்கம் ஓட, இவனும் ஓட, சறுக்கி உட்கார்ந்தான். லினேயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தும் வந்துவிட்டது.

“எந்த ஊருக்குப் போறீங்க?”

“ஹா செகாகே. பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால லீவு. நான் டீச்சர். பனியில வண்டி ஏறாதுன்னு அடிவாரத்துலயே வேன்காரர் கையை விரிச்சிட்டார்.”

“நானும் அங்கதான். பையைக் குதிரை மேல வைங்க. நான் நடக்கிறேன்.”

“எதுக்கு?”

“வயசானவங்க நடக்கும்போது நான் சவாரி போனா ஊர் என்ன சொல்லும்?”

ஒரு கைப்பிடி பனியை அள்ளி அவன் மேல் வீசினாள். முன்பின் தெரியாதவன் மேல்! ‘எனக்கு என்ன ஆச்சு?’ என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

ஊர் எல்லையில், தலைவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவன் பிரிந்தான். பெயரைக் கேட்கவில்லையே என்பது, வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்குள் வறட்டி நெருப்பின் இதமான புகை. மூன்று கால் இரும்புப் பானையில் சோளமும் மொச்சையும் தளதளவென்று கொதித்தன. பக்கத்துச் சட்டியில் உலர்ந்த பீச் பழம் வெந்து இனிப்பாய் மணந்தது. அம்மா திரும்பாமலே பேசினாள்.

“வந்துட்டியா? முகத்தைக் கழுவு. இன்னிக்கு உன்னைப் பொண்ணு கேட்டு, பரிச மாடு பேச வர்றாங்க.”

“எனக்கா? யாரும்மா?”

“மோலுமோ குடும்பம். பையன் பேரு தாபாங். மொகோட்லோங்ல கடை வச்சிருக்கானாம்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கத்தானே வரச் சொல்லியிருக்கோம்! பூசணிக்காயை நறுக்கு.”

பாதிகூட நறுக்கவில்லை. வெளியே குதிரை கனைத்தது. எட்டிப் பார்த்தாள்.

அவன்!

இவன்தானா தாபாங்? நியாயமாகப் பார்த்தால் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மனசு… அவளைக் கேட்காமலே ‘சரி’ என்று சொல்லிவிட்டது. ‘ஒரு மலை ஏறுவதற்குள் ஒருத்தனைப் பிடித்துப்போகுமா என்ன?’

தட்டை ஏந்திக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது அவன் அப்பாவிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“என் பேரு மொஹாவு, ஐயா. எங்க பெரியப்பா மகன் தாபாங்குக்காக வந்திருக்கேன். பெரியவங்க கணவாய்க்கு அந்தப் பக்கம் பனியில நின்னுட்டாங்க. அவங்களுக்குப் பதிலாப் பேச, அவங்க வாயா என்னை முன்னால அனுப்பினாங்க. எங்க தாபாங் ரொம்ப…”

நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான்.

“ரொம்ப…?” அப்பா காத்திருந்தார்.

“ரொம்ப… உயரம், ஐயா.”

தட்டிலிருந்த சுண்டலில் பாதி தரையில் கொட்டியது. “பாத்து வைக்கக் கூடாதா!” என்று அம்மா அதட்டியது அவள் காதில் விழவேயில்லை. மாப்பிள்ளை இல்லையா இவன்? மாப்பிள்ளைக்குத் தூதா? அப்படியானால் மலைப்பாதையில் அந்தச் சிரிப்பு… அது யாருக்காகச் சிரித்தது?

பனி விடும்வரை அவன் விருந்தாளி என்று அப்பா சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை புளித்த சோளக்கஞ்சியில் கை நிறைய உப்பைப் போட்டு அவனுக்கு மட்டும் கொடுத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே புரியவில்லை. அவன் முகம் சுளிக்காமல் குடித்து, கிண்ணத்தை நீட்டினான்.

“இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?”

“உப்புக் கரிக்கலையா?”

“கரிக்குது. நீங்க கொடுத்ததாச்சே.”

அவள் அடுப்பைக் கிளறுவதுபோல் திரும்பிக்கொண்டாள். “உங்க தாபாங் எப்படிப்பட்டவர்?”

“நல்லவன். குடிக்க மாட்டான். யாரையும் ஏமாத்த மாட்டான்.” ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்தான்.

“அவரைக் கட்டிக்கிட்டா சந்தோஷமா இருப்பேனா?”

அவன் காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“பெரியப்பாவோட வாயா வந்திருக்கேன், லினேயோ. என் சொந்த வாயை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். என்னைக் கேக்காதீங்க.”

“அப்ப கண்ணையும் விட்டுட்டு வந்திருக்கணும்!”

சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். பனி முகத்தில் அடித்தது. அழுகையா, கோபமா… எது என்று பிரிக்க முடியவில்லை.

வெயில் வந்த அன்று அப்பா அவளைக் கூப்பிட்டார். “என்னம்மா சொல்லட்டும்?”

“தாபாங் வேண்டாம்பா.”

“ஏன்?”

“தெரியலப்பா…”

அப்பா அவளையும், வாசலில் சேணம் பூட்டிக்கொண்டிருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பதிலைச் சொன்னார். மொஹாவு தலைகுனிந்து பதிலை வாங்கிக்கொண்டான். திரும்பிப் பார்க்காமலே போனான்.

அதன் பிறகு எதைச் செய்தாலும் தப்பாகவே போனது. கீரை கருகியது. கதவு சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ‘ஒரு வார்த்தை சொல்லாமல் போனவனுக்கு நான் ஏன் காத்திருக்கிறேன்?’

லீவு முடிய இருந்த நேரத்தில், மறுபடி தூவத் தொடங்கிய பனியில், சரிவில் ஒருவன் நடந்து வந்தான். குதிரை இல்லை. முழங்கால் வரை சேறு.

அவள் வேலிவரை ஓடினாள். பிறகு ஓடிவந்தது தெரியக் கூடாதென்று நின்றாள்.

“குதிரை எங்கே?”

“அது பெரியப்பாவோடது. பிடுங்கிக்கிட்டார்.”

“எதுக்கு?”

“உங்க பதிலைச் சொன்னேன். அதோட நிக்காம என் மனசுல இருக்கிறதையும் சொல்லிட்டேன். ‘தூது போன இடத்துல திருட்டா?’ன்னு தடியை எடுத்துட்டார். தாபாங்தான் தடுத்தான். ‘நான் பாக்காத பொண்ணுக்காக இவனை ஏன் அடிக்கிறீங்க’ன்னான்.” மூச்சு வாங்கியது. “என் பக்கம் பேசப் பெரியவங்க யாரும் இப்ப வரமாட்டாங்க. மாடும் இல்ல. சொந்த வாய் மட்டும்தான் இருக்கு. உங்களைப் பிடிச்சிருக்கு, லினேயோ. அந்த மலைப்பாதையிலயே… ரொம்பப் பிடிச்சிருக்கு.”

பனி இருவருக்கும் நடுவே மெல்ல இறங்கியது. அவள் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களே… நீங்கதான் மாப்பிள்ளைன்னு நெனச்சேன்.”

“ம்…”

“நெனச்சதும்… மனசுக்குள்ள ‘சரி’ன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதைத் திருப்பி எடுக்கத் தெரியல.”

“என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை…”

“மாட்டேன்!”

வாசலில் அப்பா செருமினார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ!

“பெரியவங்க இல்லாம மாட்டுப் பேச்சு நம்ம வழக்கத்துல கிடையாது, தம்பி. உங்க பெரியப்பா கோபம் ஆறட்டும், நானே போய்ப் பாக்கிறேன். இப்போ காலைத் தட்டிட்டு உள்ள வா. சாப்பாடு ஆறுது.”