மோத்தியின் வலப்பக்கம்

குளம்பு சூடாக இல்லை. அதுதான் ஃபக்ருதீனுக்கு முதலில் சரியாகப் படவில்லை. இரண்டு நாளாக வலது முன்னங்காலை நொண்டும் குதிரைக்குக் குளம்பாவது கொதிக்க வேண்டும், முட்டியாவது வீங்க வேண்டும். லாடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தும் மோத்தி காலை இழுத்துக்கொள்ளாமல், ஓசூர்ப் பக்கத்து மார்கழிப் பனியில் கொள்ளு வாசனையோடு மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

பத்து மணிக்கு மாட்டு டாக்டர் வருவார். எலும்பு முறிவு என்று பட்டால் சுட்டுக் கொல்லச் சொல்லிவிடுவார். அதற்குள் வலி எங்கே என்று தெரிந்தால், கெஞ்சவாவது ஒரு வழி இருக்கும். அவன் ஓட்டும் ஜட்கா வண்டிக்கு மோத்தியை விட்டால் வேறு குதிரை இல்லை.

"கயித்த தொங்கலா பிடி, குல்ஷன். தலைய இழுக்காத." நோவுள்ள கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்ளோ உத்துப் பாக்கலீங்க." அவன் மனைவி சிரித்தபடி மோத்தியின் இடப்பக்கம் நின்று, சாலையோரப் புளியமரம் வரை பனிக்குள் நடத்திப்போய்த் திரும்பி வந்தாள். வலது கால் பட்டபோதெல்லாம் மோத்தியின் தலை எழுந்தது.

மறுபடி அனுப்பினான். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டான். கெட்டி மண்ணில் லாடம் படும் டக், டக். குல்ஷனின் வெறுங்காலின் மெத்தென்ற சத்தம். அவற்றுக்கு நடுவே, எதையோ தரையோடு இழுக்கும் ஒரு சர்ர். லாடம் இழுபட்டால் இரும்புச் சத்தம் வரும். இதில் இரும்பு இல்லை.

குனிந்து ஈரப்புழுதியைப் பார்த்தான். இடப்பக்கம் குல்ஷனின் பாதங்கள். நடுவில் லாடத் தடம். வலப்பக்கம் இன்னோர் ஆளின் பாதம். ஒன்று முழுசாக. அடுத்தது நீளக் கோடாக.

மோத்தி நொண்டவில்லை. பக்கத்தில் நடப்பவனுக்குத் தோதாக நடக்கிறது.

முந்தாநாள் அந்தியில், சானமாவு காட்டு வளைவில், ஒருவன் காலை இழுத்துக்கொண்டு கை காட்டினான். யானை இறங்கும் நேரம். ஃபக்ருதீன் வண்டியை நிறுத்தாமல் குதிரைமேல் சாட்டையை ஓங்கினான். பின்னால் பிளிறல் கேட்டது. ஒரு அலறலும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னாங்க, ஆணியா?" என்றாள் குல்ஷன்.

குதிரையை விட்டு அது விலகினால் போதும். அதை மட்டுமே நினைத்தான்.

"இன்னொரு தடவ. இப்ப வலப்பக்கம் நின்னு பிடி. குதிரைய ஒட்டி நட. நடுவுல எடம் விடாத."

"கல்யாண ஊர்வலம் தோத்துடும் போங்க."

பனி இருவரையும் மூடியது. டக், டக். சர்ர். புளியமரம். எல்லாச் சத்தமும் நின்றது.

வெகுநேரம்.

பிறகு சத்தங்கள் திரும்பின. டக், டக், டக், டக். சீராக. கூடவே சர்ர்.

மோத்தி பனியிலிருந்து வெளியே வந்தது. தலை அசையவில்லை. நான்கு காலும் ஒரே சீர்.

"பாருங்க, சரியாயிடுச்சு," என்றாள் குல்ஷன் சிரித்துக்கொண்டே.

அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய வலது கால் பின்னால் இழுபட, ஒவ்வோர் அடிக்கும் அவள் தலை மேலே எழுந்து தாழ்ந்தது.